நிரந்தரத் தடை விதிப்பவர்கள் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்களா? ஆன்லைன் விளையாட்டுகளின் ஆன்ட்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு) தடைகள் பற்றி

#1 இளம்பரிதி

ஆன்லைன் விளையாட்டில் ஏமாற்றியதாக ஒருவருடைய கணக்கு முடக்கப்படும்போது அவருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு வரி அறிவிப்பு மட்டுமே: விதிமீறல் கண்டறியப்பட்டது, முடிவு மாற்றப்படாது. எந்தத் தேதியில், எந்த ஆட்டத்தில், என்ன மாதிரியான மீறல் என்ற விவரம் அதில் இருக்காது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஸ்கின்கள் என்ற அலங்காரப் பொருள்களும், படிப்படியாக ஏறி வந்த ரேங்க்கும் அத்தோடு போய்விடும். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கட்சிகள் பிரிந்துவிடுகின்றன. 'நெருப்பில்லாமல் புகையாது, நீ ஏதோ செய்திருப்பாய்' என்பது ஒரு கட்சி. 'நிறுவனங்கள் எல்லாமே அநியாயக்காரர்கள்' என்பது மற்றொன்று. இரண்டிலும் சேராமல் ஒரு கருத்தை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரகசியத்தையும் நிரந்தரத்தையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இருக்கக்கூடாது என்பதே என் கருத்து. கண்டுபிடித்த வழியை வெளியே சொல்ல முடியாதென்றால், அந்தத் தடைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும். தடை ஆயுள் முழுவதும் நீடிக்க வேண்டுமென்றால், குற்றச்சாட்டின் விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த அமைப்புகள் தவறுவதே இல்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்றை நினைவூட்டுகிறேன். 2010 ஜூலையில், 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிக்கொண்டிருந்த ஏறத்தாழ 12,000 பேர் வால்வ் நிறுவனத்தின் 'வேக்' என்ற ஆன்ட்டி-சீட் அமைப்பால் தவறாகத் தடை செய்யப்பட்டார்கள். அவர்கள் எந்த மென்பொருளையும் புகுத்தியிருக்கவில்லை. வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீம் தானே கணினி வட்டில் இருந்த ஒரு டிஎல்எல் நிரல் கோப்பைப் புதுப்பித்தபோது, நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியிருந்த பிரதிக்கும் வட்டில் இருந்த பிரதிக்கும் பொருத்தம் இல்லாமல் போனது. அந்த வேறுபாட்டையே வேக் ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டார். தடைகள் நீக்கப்பட்டன, பாதிக்கப்பட்டவர்களுக்கு 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டின் ஒரு பிரதியும், நண்பருக்குப் பரிசளிக்க இன்னொரு பிரதியும் கிடைத்தன.

இதில் எனக்கு உறுத்துவது பிழை நேர்ந்தது அல்ல. பிழை என்றால் எல்லா இடத்திலும் நேரும். 12,000 பேர் ஒரே நேரத்தில் கத்தியதால் நிறுவனம் திரும்பிப் பார்த்தது. அதே பொருத்தமின்மை பன்னிரண்டு பேருடைய கணினியில் மட்டும் நிகழ்ந்திருந்தால், அவர்கள் இன்றுவரை ஏமாற்றுக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.


#2 தோட்டா

நீண்ட பதிவு, ஆனால் ஏமாற்றுக்காரர்களால் நாசமானவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கில் ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர். ஒருவன் சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டும் வால்ஹேக் போட்டு வந்தால் மற்ற ஒன்பது பேருடைய முக்கால் மணி நேரம் வீண். அந்த ஒன்பது பேருக்கும் எந்த நிறுவனமும் மன்னிப்புக் கடிதம் எழுதுவதில்லை, இலவசப் பிரதியும் தருவதில்லை. தடை பெற்றவர்களில் நூற்றில் ஒருவர் நிரபராதியாக இருக்கலாம் என்பதற்காக மீதி தொண்ணூற்றொன்பது பேருக்கும் விளக்கக் கடிதம் எழுதச் சொல்கிறீர்களா?


#3 சர்வர்காரன்

நான் விளையாட்டு நிறுவனம் ஒன்றில் சர்வர் பக்கத்தில் வேலை செய்கிறேன். ஆன்ட்டி-சீட் பிரிவில் இல்லை. ஆனால் அவர்களுடைய மேசை எங்கள் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இளம்பரிதி 'இரகசியம்' என்று சொல்வதை ஏதோ ஆணவம் போலப் பலர் வாசிக்கக்கூடும் என்பதால், அது எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏமாற்று மென்பொருள் இன்று ஒரு சந்தா வணிகம். 2021-இல் சீனாவின் குன்ஷான் காவல்துறை டென்சென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கும்பலைப் பிடித்தபோது, அவர்கள் நாளுக்குப் பத்து டாலரிலிருந்து மாதத்துக்கு 200 டாலர் வரை சந்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி வந்தது. தென்கொரியா 2016-இல் தன் விளையாட்டுத் துறைச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய மென்பொருளைத் தயாரித்து விற்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்த வியாபாரிகளுக்கு மிகவும் தேவைப்படும் தகவல் ஒன்றே ஒன்று: தங்கள் நிரலின் எந்தப் பகுதி, எந்த நாளில் மாட்டியது என்பது. அது தெரிந்தால் அடுத்த நாளே அந்தப் பகுதியை மாற்றிவிடுவார்கள். ஒருவன் ஏமாற்றுவது தெரிந்த பிறகும் உடனே தடை விதிக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்து, ஆயிரக்கணக்கானவர்களை ஒரே அலையில் வெளியேற்றுவது இதற்காகத்தான். 'இந்தத் தேதியில் இந்த ஆட்டத்தில் இன்ன மீறல்' என்று நீங்கள் கேட்கும் கடிதத்தை முதலில் வாசிப்பவர் அந்த வியாபாரியாகத்தான் இருப்பார். அவரே பத்துக் கணக்குகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பதிப்பை ஓடவிட்டு, எந்தக் கடிதம் எப்போது வருகிறது என்று பார்ப்பார்.

அடுத்து, மேல்முறையீடுகள். 'என் தம்பி செய்துவிட்டான்', 'கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்', 'நண்பன் வீட்டில் லாகின் செய்து விட்டுவிட்டேன்' என்ற மூன்று கதைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதுபவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே ஏமாற்றியவர்கள். அவர்கள் எழுதும் கடிதங்கள்தான் மிகவும் உருக்கமாகவும் இருக்கின்றன. உண்மையில் தவறாகத் தடை பெற்றவர் கோபத்தில் நான்கு வரி எழுதிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார். மொழிநடையை வைத்து நிரபராதியை அடையாளம் காண முடியாது. ஆள் போட்டு ஒவ்வொன்றையும் விசாரிக்கும் செலவை எந்த மேலாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.


#4 இளம்பரிதி

சர்வர்காரன் அவர்களே, இரகசியத்துக்கான காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அலை முடிந்த பிறகும் அது இரகசியமாகவே இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் தொழிலே அதற்கு எதிர்ச்சான்று தந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் டோட்டா 2 என்ற விளையாட்டில் 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. எப்படிப் பிடித்தோம் என்பதையும் வெளிப்படையாகவே எழுதியது: சாதாரணமாக ஆடுபவருடைய கணினி ஒருபோதும் படிக்காத ஒரு தரவுப் பகுதியை விளையாட்டுக்குள் வைத்தோம், ஏமாற்று மென்பொருள் மட்டுமே அதைப் படிக்கும், இன்று தடை பெற்ற ஒவ்வொரு கணக்கும் அதைப் படித்தது. வலையை இழுத்த பிறகு வலையைக் காட்டினார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த அறிவிப்பை வாசித்தவர்களில் எத்தனை பேருக்கு 'இது தவறான தடை' என்று வாதிடத் தோன்றியிருக்கும்?

மாறாக, மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைக்கிறேன். 2008 மார்ச்சில் பங்க்பஸ்டர் என்ற ஆன்ட்டி-சீட் மென்பொருளை எதிர்த்த ஒரு குழு, ஏமாற்று நிரல்களை அடையாளம் காண அது தேடும் எழுத்துத் துண்டுகளைக் கண்டுபிடித்து, விளையாட்டு வீரர்கள் கூடும் ஐஆர்சி அரட்டை அறைகளில் அவற்றைத் தட்டிவிட்டது. அரட்டையில் இருந்தவர்களின் கணினி நினைவகத்தில் அந்த எழுத்துகள் ஏறின. கணினியின் நினைவகம் முழுவதையும் துழாவிய பங்க்பஸ்டர், அவற்றை ஏமாற்று நிரல் என்று கருதி, எதையுமே நிறுவாதவர்களை வெளியேற்றியது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், கால் ஆஃப் டூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் தன் 'ரிக்கோஷே' ஆன்ட்டி-சீட் அமைப்பின் ஒரு கண்டறியும் முறையைச் சிலர் குறுக்கு வழியில் தூண்டிவிட்டதாகவும், அதனால் சிறு எண்ணிக்கையிலான நேர்மையான கணக்குகள் பாதிக்கப்பட்டதாகவும் அறிவித்துத் தடைகளை நீக்கியது. அதைச் செய்ததாகச் சொன்ன ஒருவர் டெக்கிரஞ்ச் செய்தித் தளத்திடம் விளக்கியபடி, 'டிரிகர் பாட்' (தானாகச் சுடும் ஏமாற்று நிரல்) என்பது போன்ற ஒரு சொல்லை எதிராளிக்கு விளையாட்டுக்குள்ளேயே செய்தியாக அனுப்பினால் போதும். ஆயிரக்கணக்கானவர்களை அப்படி வெளியேற்றியதாகவும் அவர் கூறினார். நிறுவனம் சொன்ன 'சிறு எண்ணிக்கை'யும் அவர் சொன்ன 'ஆயிரக்கணக்கும்' ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இரண்டில் எது சரி என்று சோதிக்க வெளியாருக்கு ஒரு வழியும் இல்லை. அந்தக் காலத்தில் தடை பெற்ற ஒருவருக்கு 'நினைவகத்தில் ஓர் எழுத்துத் தொடர் கண்டறியப்பட்டது' என்ற ஒரே ஒரு வகைப் பெயர் சொல்லப்பட்டிருந்தால், தமக்கு வந்த விசித்திரமான செய்தியோடு அதைச் சேர்த்துப் பார்த்து, இந்த ஓட்டையை வீரர்களே முன்கூட்டிக் காட்டிக்கொடுத்திருப்பார்கள். 2008-இல் படித்த பாடத்தை 2024-இல் மறுபடியும் படிக்க நேர்ந்ததற்கு இந்த மூடுமந்திரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தோட்டா, உங்கள் ஒன்பது பேரை நான் மறக்கவில்லை. தவறாகத் தடை பெறுபவரும் அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான்.


#5 மலைக்கோட்டை கேமிங்

தம்பிமார்களே, நீங்கள் கணக்குத் தடையைப் பற்றியே பேசுகிறீர்கள். திருச்சியில் சிறியதாக ஒரு கேமிங் சென்டர் நடத்துபவன் என்ற முறையில் கணினியின் பேரிலேயே விழும் ஹார்டுவேர் தடையைப் பற்றிச் சொல்கிறேன். எந்த விளையாட்டு என்பது வேண்டாம்.

எங்கள் கடையில் மூலையில் இருக்கும் ஏழாம் எண் கணினியில் ஒரு பையன் வந்து அமர்ந்தான். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அவன் போன சில நாள்களில் அந்தக் கணினியில் யார் தம் சொந்தக் கணக்கில் நுழைந்தாலும் ஒரு பிழைக் குறியீடு வந்து விளையாட்டு மூடிக்கொண்டது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டோம், ஹார்டு டிஸ்கை மாற்றினோம், பயன் இல்லை. தடை மதர்போர்டின் அடையாள எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற வாடிக்கையாளர்கள் அந்த நாற்காலியில் அமரவே தயங்குகிறார்கள், தங்கள் கணக்குக்கும் அது தொற்றிவிடுமோ என்று. நிறுவனத்துக்கு எழுதினால், கணக்கு வைத்திருப்பவர்தான் முறையிட வேண்டும் என்று பதில் வருகிறது. எனக்குத்தான் கணக்கே இல்லையே! கணினிக்குச் சொந்தக்காரன் முறையிட அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் பழைய மதர்போர்டு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கலாம், போர்டின் பெயரில் தடை இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பார்க்க ஒரு வழியும் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பொருத்தி, விளையாட்டை இறக்கிய பிறகுதான் தெரியும். விற்றவருக்கும் தெரிந்திருக்காது, அவர் மேல் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்று. ஸ்டீம் குடும்பப் பகிர்வில் ஒருவருடைய விளையாட்டை வீட்டில் இன்னொருவர் ஆடி ஏமாற்றினால், விளையாட்டை வாங்கியவருக்கும் அந்த விளையாட்டில் தடை வரும் என்பது எழுதப்பட்ட விதி. சர்வர்காரன் தம்பி, 'என் தம்பி செய்துவிட்டான்' என்று எழுதுபவர்கள் எல்லாரும் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பது சாதாரணம்.


#6 வடமராட்சியான்

நான் டொரோண்டோவில் புள்ளியியல் படிக்கிறேன். தோட்டா 'நூற்றில் ஒருவர்' என்று எழுதிய இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கற்பனையாக ஒரு விளையாட்டை வைத்துக்கொள்வோம்: 10,00,000 பாவனையாளர்கள், அவர்களில் 2 சதவீதம் பேர், அதாவது 20,000 பேர், ஏமாற்றுகிறார்கள். கண்டறியும் மென்பொருள் இரு பக்கமும் 99 சதவீதம் சரியானது என்று கொள்வோம். அது 19,800 ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும். மீதமுள்ள 9,80,000 நேர்மையானவர்களில் ஒரு சதவீதம், 9,800 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, தடை பெற்ற 29,600 பேரில் மூன்றில் ஒருவர் நிரபராதி. நேர்மையானவர்கள் விடயத்தில் துல்லியத்தை 99.9 சதவீதத்துக்கு உயர்த்தினாலும், தடை பெற்றவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் நிரபராதியாகவே இருப்பார். '99 சதவீதம் துல்லியம்' என்று வாசிப்பவர், தடை பெற்றவர்களில் நூற்றில் ஒருவர்தான் தவறாகப் பிடிபட்டிருப்பார் என்று விளங்கிக்கொள்கிறார். ஏமாற்றுபவர்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் பெருகும். நேர்மையான சமூகத்தில்தான் தவறான தடையின் விகிதம் கூடும் என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இது நினைவகத்தைத் துழாவும் முறைக்குப் பொருந்தாது, நடத்தையைப் பார்க்கும் முறைக்கே பொருந்தும் என்று சர்வர்காரன் சொல்லக்கூடும். சரி, 2023 ஒக்டோபரை நினைவுபடுத்துகிறேன். ஏஎம்டி நிறுவனம் தனது கிராபிக்ஸ் டிரைவரில் 'ஆன்ட்டி-லேக் பிளஸ்' என்ற வசதியைக் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2-க்கும் கொண்டுவந்தது. தாமதத்தைக் குறைப்பதற்காக அது விளையாட்டின் டிஎல்எல் கோப்பிலுள்ள செயற்கூறுகளை இடைமறித்தது. ஏமாற்று மென்பொருள் செய்வதும் அதே இடைமறிப்புத்தான். அமைப்புகளில் ஒரு பொத்தானை அழுத்தியவர்களுக்கு வேக் தடை விழுந்தது. வால்வ் பகிரங்கமாக எச்சரித்தது, ஏஎம்டி அந்த டிரைவரை மீளப்பெற்றது, தடை பெற்றவர்களை அடையாளம் கண்டு விடுவிக்க ஏற்பாடு நடந்தது. இங்கே மென்பொருள் பிழை செய்யவில்லை; தேடச் சொன்னதைச் சரியாகவே கண்டுபிடித்தது. பாவனையாளரின் நோக்கம்தான் அதற்குத் தெரியவில்லை.


#7 சர்வர்காரன்

வடமராட்சியான் போட்ட கணக்கு சரி. ஆனால் எந்தப் பொறுப்பான குழுவும் ஒற்றைக் கருவியின் தீர்ப்பை வைத்து அப்படியே தடை விதிப்பதில்லை. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கின் முந்தைய பதிப்பான சிஎஸ்:கோ-வில் 2013-இலேயே 'ஓவர்வாட்ச்' என்ற முறை வந்தது: புகார் வந்த ஆட்டத்திலிருந்து எட்டுச் சுற்றுகளை, பெயரை மறைத்து, அனுபவமுள்ள வீரர்கள் பலருக்குத் தனித்தனியாக அனுப்பி அவர்களுடைய தீர்ப்பைக் கேட்பார்கள். பிறகு 'வேக்நெட்' என்ற இயந்திரக் கற்றல் அமைப்பு வந்தபோதும், 2018-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் வால்வ் பொறியாளர் விளக்கியபடி, அது தானாகத் தடை விதிக்கவில்லை. சந்தேகத்துக்குரியவற்றை அதே நடுவர்களிடம் அனுப்பி வைத்தது. இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது உங்கள் மூன்றில் ஒன்று மளமளவென்று சுருங்கிவிடும்.


#8 கயல்

சட்டம் படித்தவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இரண்டு வடிகட்டிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் அந்தச் சுருக்கம் நடக்கும். காணொளியைப் பார்க்கும் நடுவர் ஆட்டக்காரரின் இலக்கையும் நகர்வையும் மட்டுமே பார்க்கிறார். அவருடைய கணினிக்குள் என்ன ஓடியது என்பது அவருக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் உலகப் போட்டித் தொடரின் நேரடி ஒளிபரப்பில், ஓர் ஊடுருவல்காரர் இரண்டு தொழில்முறை வீரர்களின் கணினிகளில் ஒருவருக்கு வால்ஹேக்கையும் மற்றவருக்குக் குறியைத் தானாகப் பிடிக்கும் ஐம்பாட்டையும் அவர்களைக் கேட்காமலே இயக்கிவிட்டார், போட்டியே ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் காணொளியை மட்டும் பார்த்த நடுவர் என்ன தீர்ப்பு எழுதியிருப்பார்? ஏஎம்டி விவகாரத்திலோ இது தலைகீழ்: நினைவகத்தில் குற்றம் தெரிந்தது, ஆட்டத்தில் எதுவும் தெரியவில்லை. ஆகவே நினைவகச் சான்றின் பேரில் தடை விதிக்கும்போது ஆட்டப் பதிவையும், ஆட்டப் பதிவின் பேரில் விதிக்கும்போது நினைவகச் சான்றையும் ஒருமுறை சரிபார்ப்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

இனி சட்ட நிலை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாடு அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்தோடு நமக்கு இருப்பது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கிய ஒப்பந்தம் மட்டுமே. ஆனால் ஒப்பந்தம் என்பதால் எதையும் எழுதிக்கொள்ளலாம் என்றும் இல்லை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு 2(46)-ஆம் பிரிவில் விளக்கம் தருகிறது. நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனை அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. 'எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணம் சொல்லாமலும்' என்று பயனர் ஒப்பந்தங்களில் வரும் வாசகத்தை இதன் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒரு சிக்கல் என்னவென்றால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ளாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் விளையாட்டுக்காகச் சென்னைக்கு அலைபவர் யார்?

ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கணக்கை முடக்கும் தளங்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. உள் மேல்முறையீட்டை இயந்திரத்தின் கையில் மட்டும் விடக்கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. விளையாட்டுத் தடைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. பிரிட்டனில் கால் ஆஃப் டூட்டி வீரர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி, நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து, 2025-இல் தன் தடையை நீக்க வைத்தார். இதற்கு அவருக்குத் தேவைப்பட்டது பணத்தைவிடப் பிடிவாதம்தான்.


#9 தோட்டா

பிடிவாதக்காரர்கள் எல்லாரும் நிரபராதிகள் ஆகிவிட மாட்டார்கள். 2018 அக்டோபரில் ஷாங்காய் போட்டியில் நம் ஆப்டிக் இந்தியா கவுன்ட்டர்-ஸ்டிரைக் அணி வீரர் ஒருவர் மேடையிலேயே கையும் களவுமாக மாட்டினாரே, மறந்துவிட்டதா? நடுவர் வந்து நின்றபோது, 'வேர்ட்' என்று பெயரிடப்பட்டிருந்த ஏமாற்று நிரல் கோப்பை அழிக்கப் பார்த்ததைக் கேமராவே காட்டியது. அவருக்கு ஏற்கெனவே உள்நாட்டுப் போட்டி அமைப்பு ஒன்றில் ஏமாற்றுக்காகத் தடை இருந்தது. அது குறைக்கப்பட்டதால்தான் ஷாங்காய் வரை போக முடிந்தது. அணியே கலைக்கப்பட்டது. அணியின் மற்ற நான்கு பேருடைய உழைப்பும் போயிற்று. கருணை காட்டியதன் விலை அது.


#10 இளம்பரிதி

தோட்டா எடுத்த உதாரணம் சரியானது. அதையே முழுமையாகப் பார்ப்போம். உலகமே பார்க்க மாட்டிய அந்த வீரருக்கு மின்விளையாட்டு நேர்மை ஆணையமான ஈஎஸ்ஐசி விதித்த தடை ஐந்து ஆண்டுகள். குற்றச்சாட்டு என்ன என்பது அவருக்கும் ஊருக்கும் தெரிந்தது. ஆனால் யார் என்றே தெரியாத ஒரு பதினான்கு வயதுப் பையன், அன்றாட ஆட்டம் ஒன்றில், எதற்கென்று சொல்லப்படாமல் பெறும் வேக் தடை ஆயுள் முழுவதற்குமானது.

வால்வ் நிறுவனமே இந்த முரண்பாட்டை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2021-இல் தன் போட்டிகளுக்கான விதியை அது திருத்தியது: ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய வேக் தடை, அந்த வீரர் வால்வ் போட்டிகளில் முதன்முதலாகக் கலந்துகொள்வதற்கு முன்பு விழுந்ததாக இருந்தால், இனி அவரைத் தகுதியிழக்கச் செய்யாது. அதற்கு முன்பு பின்லாந்தின் ஜாம்பி என்ற வீரர், சிறுவயதில் திறந்து நண்பருக்கு விற்றுவிட்டதாகத் தாம் சொன்ன ஒரு கணக்கின் தடைக்காகப் பெரிய போட்டிகளில் ஆட முடியாமல் நீதிமன்றம் வரை போயிருந்தார். ஆக, கோடிக்கணக்கான பரிசுப் பணம் புரளும் மேடைக்கு ஐந்து ஆண்டுகள் போதும். வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு ஆடுவதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. பப்ஜி மொபைல் வழக்கமாக அறிவிக்கும் பத்து ஆண்டுத் தடையாவது ஓர் எண்ணைச் சொல்கிறது.

கருணையின் விலை என்கிறீர்கள். அந்த வீரருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது; கூடவே கண்காணிப்பு கிடைத்ததா என்பதே என் கேள்வி. தடைக்காலம் முடிந்து திரும்புபவரின் ஆட்டங்களை ஓராண்டுக்குக் கூடுதலாகக் கவனித்து, மறுபடி மாட்டினால் விவரத்தோடு நிரந்தரமாக வெளியேற்றுங்கள். அதை நான் எதிர்க்க மாட்டேன்.


#11 சர்வர்காரன்

ஒப்புக்கொள்ளக்கூடியதையும் முடியாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

அலை முடிந்து நியாயமான காலம் கழிந்த பிறகு, நினைவகச் சான்றா, ஆட்ட நடத்தையா, கணக்குப் பகிர்வா என்ற வகையையும் ஏறத்தாழ எந்த மாதம் என்பதையும் சொல்லலாம். இதனால் வியாபாரிக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. அதற்குள் அவருடைய நிரல் நான்கு முறை மாறியிருக்கும். இரு வகைச் சான்றுகளையும் குறுக்கே சரிபார்க்க வேண்டும் என்று கயல் சொன்னது எங்களுக்குள்ளேயே பலமுறை பேசப்பட்டதுதான். தரவு இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் இருக்கிறது என்ற சோம்பேறித்தனமான காரணத்தால் நடப்பதில்லை. ஹார்டுவேர் தடைக்கு நான்கைந்து மாதத்தில் காலாவதி இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் மென்பொருளை வாங்கித் தப்பிவிடுகிறார்கள். மலைக்கோட்டை அண்ணனைப் போன்றவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எல்லாத் தடைக்கும் முடிவுத் தேதி என்பதை ஏற்க முடியாது. இலவச விளையாட்டில் ஏமாற்றுக்காரருக்குக் கணக்கு என்பது தூக்கி எறியும் பொருள். அவருக்கு முடிவுத் தேதியும் இல்லை, தொடக்கத் தேதியும் இல்லை. பத்து நிமிடத்தில் அடுத்த கணக்கோடு வந்துவிடுவார். முடிவுத் தேதியால் பலன் பெறுபவர், பல ஆண்டுப் பழைய, விலை மதிப்புள்ள கணக்கை வைத்திருப்பவர் மட்டுமே. அப்படிப்பட்ட கணக்குகளைத் தடைக்காலம் முடியும் தறுவாயில் வாங்கி விற்கும் சந்தை ஒன்று உடனே முளைக்கும்.


#12 இளம்பரிதி

அந்தச் சந்தை முளைக்கும் என்பதை ஏற்கிறேன். தடை பெற்ற கணக்கின் பொருள்களை மாற்றவும் விற்கவும் முடியாதபடி பூட்டிவிட்டால், பெயரும் ரேங்க்கும் மட்டுமே மிஞ்சும், அவற்றுக்கு அவ்வளவு விலை இருக்காது. உங்களுக்கும் எனக்கும் இடையே மிச்சமிருப்பது ஒன்றுதான்: காரணம் சொல்லப்பட்ட தடை நிரந்தரமாக இருக்கலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறோம், காரணமே சொல்லப்படாத தடை எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதில் நீங்கள் 'எப்போதும்' என்கிறீர்கள், நான் 'ஐந்து ஆண்டு' என்கிறேன். இதை இப்படியே விட்டுவிடலாம்.

கயல், மலைக்கோட்டை அண்ணனைப் போலக் கணக்கே இல்லாத ஒருவர் எந்த உரிமையில் முறையிடுவது என்று மட்டும் சொல்ல முடியுமா?


#13 கயல்

அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தமே இல்லாததால் நுகர்வோர் வழி கடினம். முதலில் நிறுவனத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுவதே பொருத்தம். மடலில் மதர்போர்டு வாங்கிய ரசீது, கடை உரிமம், பிழைக் குறியீட்டின் திரைப்பிடிப்பு, கணினி பலரால் பயன்படுத்தப்படுவது என்ற அறிவிப்பு ஆகிய நான்கும் இருக்கட்டும். தடையை நீக்கும்படி கேட்பதோடு நில்லாமல், தடை எந்த மாதம் விதிக்கப்பட்டது, கணக்கின் பேரிலா கருவியின் பேரிலா, கருவி கைமாறினால் நடைமுறை என்ன என்ற மூன்று கேள்விகளையும் எண்ணிட்டுக் கேளுங்கள்; எண்ணிட்ட கேள்விக்கு ஆயத்த பதிலை ஒட்டி அனுப்புவது அவர்களுக்குச் சற்றுக் கடினம். இனி வருபவர்களிடம் பெயரும் நேரமும் எழுதி வாங்கும் பதிவேடு ஒன்றும் வையுங்கள், ஐயா. மடலின் வரைவை இங்கேயே போட்டால் திருத்தித் தருகிறேன்.


#14 மலைக்கோட்டை கேமிங்

நன்றி அம்மா. பதிவேடு கடையில் இருக்கிறது, ஏழாம் எண் கணினிக்கு அன்று யார் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் பெயரை நிறுவனத்துக்குக் கொடுக்க மாட்டேன், அவன்தான் செய்தான் என்று எனக்கே தெரியாது. ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வரைவை நாளை போடுகிறேன்.